மூடி செய்த கொக்கி

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில், மூடி என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்த நண்பனைப் போல் எதையும் ஒளித்துவைக்கத் தெரிந்த மனிதன் அவனுக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. சாப்பிடும்போது தட்டுக்கு மேல் இடது கையைக் குடையாகப் பிடித்துக்கொள்வான். கடிதம் எழுதினால் எழுதிய வரியை உடனே ஒரு தாளால் மறைத்துவிடுவான். முந்திய வரி அவனுக்கே மறந்துபோய், ஒரே கடிதத்தில் மூன்று முறை நலம் விசாரிப்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ரயில் பட்டறையில் வேலை பழகும் மாணவர்கள் எட்டுப் பேர் ஒரு பலகை வீட்டில் தங்கியிருந்தோம். பயிற்சி முடிவதற்குள் ஒவ்வொருவரும் சொந்தமாக யோசித்த ஒரு கருவியின் மாதிரியைச் செய்து காட்டவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஏழு பேரும் அரைகுறை மாதிரிகளை வாசலில் பரப்பிவைத்து, போவோர் வருவோரிடமெல்லாம் ஏச்சு வாங்குவோம். என் தண்ணீர் வடிகட்டியில் தெளிந்த தண்ணீரை ஊற்றினால் கறுப்பாக வரும்.

"கரியைக் கழுவிட்டுத்தானே போட்டே?" என்று கேட்டார் துணி வெளுக்கும் அண்ணன்.

நான் கழுவவில்லை. அன்றே கழுவினேன். வடிகட்டி பிழைத்தது.

மூடி மட்டும் உள்ளே, சாக்கைப் போர்த்திக்கொண்டு வேலை செய்வான்.

"என்னடா செய்யிறே? காட்டேன்."

"முடியட்டும்."

"எப்ப முடியும்?"

"முடிஞ்சதும்."

புதிதாக வந்த சமையல்காரர் ஒருநாள் சாக்குக்கு வெளியே நீட்டியிருந்த இரண்டு கால்களைப் பார்த்துவிட்டு, ஐயோ பொணம் என்று தெருவுக்கே ஓடிவிட்டார்.

அவன் என்ன செய்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது. ஏன் செய்கிறான் என்று தெரியும். அவன் அப்பா சரக்கு வண்டிகளைக் கோர்ப்பவர். நிற்கும் பெட்டிக்கும் நகர்ந்து வரும் பெட்டிக்கும் நடுவில் புகுந்து கொக்கியை மாட்டுகிற வேலை. ஒரு மழைநாளில் கால் வழுக்கி, அந்த நடுவிலேயே போய்விட்டார்.

காட்டவேண்டிய நாளில் மூடி சாக்கை எடுத்தான். இரண்டு மரப்பெட்டிகள், ஒரு முழ நீளத் தண்டவாளம். பக்கவாட்டில் இருந்த கம்பியை இழுத்தான். பெட்டிகள் நெருங்கியதும் கொக்கி தானாக மாட்டிக்கொண்டது. நடுவில் ஆளே போகவேண்டாம். பிரமிப்பில் எங்களுக்குக் கைதட்டக்கூடத் தோன்றவில்லை.

வண்டி கோர்க்கும் மாரிமுத்து அண்ணன் குந்தி உட்கார்ந்து, தண்டவாளத்தைக் கொஞ்சம் வளைத்துவைத்தார். "இப்ப மாட்டு, தம்பி."

மாட்டவில்லை. கொக்கி விலகிப்போய் அந்தரத்தில் நின்றது.

"யார்டுல தண்டவாளம் நேரா எங்க இருக்கு, தம்பி? பாதி வளைவுதான் லா." அவர் குரலில் கேலி இல்லை. "மொத மாசமே காட்டியிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே."

மூடி கொக்கியைக் கழற்றிக் கையில் எடுத்தான். அதை உடைத்துப் போட்டுவிடுவான் என்று பயந்தோம். அடுத்த ஞாயிறு முதல் ஆளாக அவனே வாசலில் உட்கார்ந்திருந்தான். சாக்கைக் காணோம். மூலைக்கடைச் சீன முதலாளி தவுக்கே, தபால்காரர், கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை.

"அண்ணே, இதுல என்ன தப்பு? சொல்லிட்டுப் போங்க."

அழைக்க வந்தவர்கள் அழைப்பதை மறந்துவிட்டுத் திரும்பினார்கள். பால்காரர்தான் தலையைச் சொறிந்துகொண்டு, "மாடு திரும்பணும்னா மொதல்ல கழுத்துதானே திரும்புது? இதுக்குக் கழுத்தே இல்லியே" என்றார். மூடி எழுந்து அவரைக் கட்டிக்கொண்டான். பால் கொட்டிப்போயிற்று. இரண்டு வருடம் சாக்குக்குள் கிடைக்காத விடை அது.

கொக்கிக்குக் கழுத்து பாதி முளைத்திருந்தபோது அவனுக்குக் காய்ச்சல் கண்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். தினமும் மாதிரியை வாசலில் வைப்பதாக என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டான். வைத்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்க மழை. தெருவில் ஈ காக்கை இல்லை.

"இன்னிக்கு யாரு பாத்தாங்க?"

"ஒம்போது பேரு."

"தப்பு சொன்னாங்களா?"

"நெறைய."

ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும்போதே தப்புகளைத் தயாரித்து வைத்துக்கொள்வேன். கம்பி துருப்பிடிக்கும், ஆணி தேயும் என்பேன். அவன் கண்ணை மூடி யோசித்து ஒவ்வொன்றுக்கும் வழி சொல்வான். நான் எழுதிக்கொள்வேன். ஒருநாள் சரக்குத் தீர்ந்துபோய், "எடது கைக்காரன் எப்படி இழுப்பான்னு கேட்டாங்க" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்விடா. கேட்டது யாரு?"

"பேரு தெரியல. தெருவுல போன ஒருத்தரு."

"அவரைத் திரும்பவும் வரச்சொல்லு."

மறுநாள் காலை அவன் போய்விட்டான். கழுத்தை முடிக்க நாங்கள் ஏழு பேரும் முயன்று பார்த்தோம். முடியவில்லை. மீதி அவன் தலைக்குள் இருந்தது. இன்று என்னிடம் தொழில் படிக்கிற பிள்ளைகள் யாராவது "முடிஞ்சதும் காட்டுறேன் சார்" என்றால் நான் விடுவதில்லை. கோணலாக இருக்கும்போதே கொண்டுவந்து வாசலில் வையுங்களப்பா. சிரிப்பவன் சிரிக்கட்டும்.

தெருவில் போன அந்த ஒருத்தர் நான்தான், மூடி. உன்னிடம் கேட்க இன்னும் நிறைய வைத்திருக்கிறேன்.