அறுபதாம் இதழுக்குப் பூஜ்யம் விலை போடக் கோரி

மதிப்பிற்குரிய காமிக்ஸ் விலைக் கையேட்டின் ஆசிரியர் அவர்களுக்கு,

ஒஹாயோ மாநிலம் டொலிடோவிலிருந்து லுவான் வோய்ச்சிக் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் முழங்கால்கள் இரண்டையும் தவிர மற்றெல்லாரும் நலம். தங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்குத் தங்களை நன்றாகத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் சாப்பாட்டு மேசையில் உப்புக்கும் மிளகுக்கும் நடுவில் தங்கள் கையேடுதான் உட்கார்ந்திருக்கிறது. என் கணவர் நார்பர்ட் ஜெபப் புத்தகத்தைக்கூட அத்தனை பக்தியாகப் புரட்டியதில்லை.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். தங்கள் அடுத்த பதிப்பில், 'கேப்டன் கலங்கரை' அறுபதாம் இதழுக்கு நேரே இருக்கும் எட்டு டாலரை அடித்துவிட்டு, பெரிய எழுத்தில் பூஜ்யம் என்று போட்டு உதவ வேண்டும். ஏன் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

அந்தக் காலத்துக் கூத்து தங்களுக்குத் தெரியாததல்ல. ஏதோ ஒரு பழைய காமிக்ஸ் ஒரு வீட்டின் விலைக்குப் போனதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். உடனே ஊரில் இருந்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தங்கள் அம்மாக்கள்மேல் கோபம் வந்துவிட்டது. சின்ன வயதில் வைத்திருந்த காமிக்ஸை அம்மா மட்டும் குப்பையில் போடாமல் இருந்திருந்தால் இன்றைக்குத் தான் கோடீஸ்வரன் என்று ஆளாளுக்குப் புலம்பினார்கள். என் மாமியார் கல்லறைக்குப் போனதுகூட அந்தப் பழியைச் சுமந்துகொண்டுதான். அந்தச் சமயம் பார்த்து, கேப்டன் கலங்கரை அறுபதாம் இதழில் சாகப்போகிறார் என்று அறிவித்தார்கள். கருநீல உறைக்குள் போட்டு ஒட்டி, உள்ளே ஒரு தகரப் பதக்கமும் வைத்திருந்தார்கள். உறையைப் பிரித்தால் மதிப்புப் போயிற்று. பனி கொட்டுகிற காலையில் கடை வாசலில் வரிசை நின்றது. அதில் எங்கள் பல் வைத்தியர் இருந்தார், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் இருந்தார், எங்கள் பங்குச் சாமியாரே இருந்தார், நார்பர்ட்டும் இருந்தார். ஒருவர்கூட ஒரு பிரதியோடு நிறுத்தவில்லை. எல்லாரும் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள், தீர்ந்துபோனதும் மறுபடி அச்சடிக்கவைத்து மறுவாரமும் வரிசை நின்றார்கள். படிக்க வாங்கியவர் ஒருவரும் இல்லை. பாவம் கேப்டன், அவர் சாவுக்கு அத்தனை கூட்டம் வந்தும் முகத்தைப் பார்க்க ஆளில்லை. அன்றைக்கே நான் பியெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டே நார்பர்ட்டிடம் சொன்னேன். அம்மாக்கள் தூக்கிப் போட்டதால்தான் பழையதற்கு விலை வந்தது, இந்த முறை ஒருவரும் தூக்கிப் போடப்போவதில்லை, ஊரே கெட்டிக்காரர்களாகிவிட்டால் இதையெல்லாம் யார் தலையில் கட்டுவது என்றேன். மாவு பிசைகிறவள் பேச்சு யார் காதில் ஏறும்? கேப்டன் அடுத்த கோடையிலேயே பிழைத்து வந்துவிட்டார். விலைதான் பிழைக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டின் மாடியில், ஏரிக்காற்று ஈரம் அண்டாத ஒரே அறை, பெட்டிகளுக்குத்தான். ஈரம் உறிஞ்சுகிற இயந்திரம் இரவும் பகலும் அங்கே முனகிக்கொண்டிருக்கிறது. நாங்கள் படுக்கும் அறையில் சுவர் பூத்து, என் ஞாயிற்றுக்கிழமைக் காலணியில் பூஞ்சை வளர்ந்திருக்கிறது. குளியலறை மாடியில், துணி துவைக்கிற இடம் நிலவறையில். மருத்துவர் இனிப் படியே ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். டென்னசியில் இருக்கும் எங்கள் மகள் டீனா, தன் வீட்டை ஒட்டித் தரைத்தளத்தில் ஒரு படிகூட இல்லாமல் எங்களுக்கென்று அறை கட்டி முடித்துவிட்டாள். எங்கள் வீட்டை வாங்க ஒரு இளம் தம்பதி வந்து பார்த்து, பிடித்துப்போய், இந்த நவம்பர் நன்றித் திருநாளுக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் கூடி வந்த இடத்தில் நார்பர்ட் குறுக்கே நிற்கிறார். மகள் ஒரு பெட்டிக்குமேல் இடமில்லை என்றுவிட்டாள். இவரோ விலை ஏறப்போகிற நேரத்தில் விற்கிறவன் மடையன் என்கிறார். எப்போது ஏறும் என்று கேட்டால் அடுத்த வருஷம் என்கிறார். நானும் ஜன்னலில் தெரிகிற பனியைப் பார்த்தபடி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இந்தக் குளிர்காலத்தைப் பார்த்தால் உண்மையிலேயே பயமாக இருக்கிறது, ஐயா.

போகட்டும், விவரம் தெரிந்த ஒருவர் வாயால் கேட்டாலாவது மனது மாறும் என்று, காமிக்ஸ் கடை வைத்திருக்கும் ரஸ்ஸை வீட்டுக்கு வரவழைத்தேன். நல்ல பையன், ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் மாடி ஏறினான். பெட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்:

"தப்பா நெனைக்காதீங்க, மேடம். எங்கிட்டயே இது ஆறு பெட்டி கெடக்கு. கடைக்கதவு காத்துல அடிக்காம இருக்க அதைத்தான் முட்டுக் குடுத்து வெச்சிருக்கேன்."

நார்பர்ட் கீழே இறங்கிப் போய்த் தங்கள் கையேட்டை எடுத்து வந்து, விரலை வைத்துக் காட்டினார். எட்டு டாலர். ரஸ் அதையும் பார்த்துவிட்டு, புத்தகத்தில் போட்டிருப்பது வாஸ்தவம்தான், ஆனால் அந்த விலைக்கு வாங்குகிறவனைத் தான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை என்றான். அவன் போன பிறகு நார்பர்ட் சொன்னது, அவன் கடைக்காரன், அடிமாட்டு விலைக்குக் கேட்கத்தான் செய்வான், புத்தகம் பொய் சொல்லுமா என்று. ஆக, கடவுளுக்கு அடுத்தபடி அவர் நம்புவது தங்களைத்தான். அதனால்தான் தங்களிடம் வந்தேன்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். என் கணவர் பேராசைக்காரர் இல்லை. கண்ணாடித் தொழிற்சாலையில் கார்க் கண்ணாடிகளை வெளிச்சத்தில் பிடித்து, குமிழி இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அதில் அவர் ஒரு நாளும் தவறியதில்லை. அப்படியும் தொழிற்சாலையை வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள், ஓய்வூதியம் பாதியாகிவிட்டது. அதெல்லாம் மற்றவர்கள் எடுத்த முடிவு. அவராக யோசித்து, அவராக வரிசையில் நின்று, அவராக எடுத்த ஒரே முடிவு இந்தப் பெட்டிகள்தான். அவர் இன்னும் பணத்துக்காகக் காத்திருக்கிறாரா, இல்லை, நீ முட்டாள் இல்லை என்று யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கிறாரா என்பது நாற்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த எனக்கே தெரியவில்லை. இதை எழுதும்போது பூஜ்யம் என்பது கொஞ்சம் கொடுமையாகத்தான் படுகிறது. ஆகவே பூஜ்யம் போட்டாலும், பக்கத்தில் சின்ன எழுத்தில், 'இதைப் பாதுகாத்து வைத்தவர்கள் நல்ல மனிதர்கள்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் புண்ணியமாகப் போகும். தங்கள் கையேட்டில் இடம் இல்லையென்றால் விளம்பரத்தில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

தங்கள் குடும்பத்துக்கு எல்லா நலனும் உண்டாகட்டும். தங்கள் நிலவறை என்றும் ஈரமில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
லுவான் வோய்ச்சிக்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு சந்தேகம் வந்தது. தங்கள் கையேட்டில் அறுபதாம் இதழுக்கு முதல் அச்சு, இரண்டாம் அச்சு என்று இரண்டு வரி இருக்கிறது. தாங்கள் தவறான வரியில் பூஜ்யம் போட்டுவிடக்கூடாதே. எந்த அச்சு என்பது உள்பக்கத்தில்தான் இருக்குமாம். ஆகவே மாடியில் பெட்டி அறைக்குப் போய் ஓர் உறையை எடுத்து, சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். நிமிர்ந்தால் அறை வாசலில் நார்பர்ட். கல்யாண வாழ்க்கை இத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். அவரோ என் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உள்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். இரண்டாம் அச்சு. எட்டு டாலர் முதல் அச்சுக்குத்தான். அப்படியே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

ஐயா, அது நல்ல கதை. எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே. புயலில் ஒரு படகு நிறைய ஜனங்கள், கரையில் விளக்கு அணைந்துவிட்டது, கேப்டன் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று தன் நெஞ்சில் எரியும் விளக்கைக் காட்டுகிறார், கடைசிப் பக்கத்தில் அவர் மூழ்கிவிடுகிறார், பக்கம் முழுக்க இருட்டு. கேப்டன் பிழைத்ததுதான் ஊருக்கே தெரியுமே. நார்பர்ட் கேட்டது அதையல்ல.

"அந்தப் படகு கரை சேந்துச்சா, லு?"

அடுத்த இதழைத் தேடினோம். பெட்டி பெட்டியாகப் புரட்டினோம். எல்லாம் அறுபது, அறுபது, அறுபது. அறுபத்தொன்று ஒன்றுகூட இல்லை. ரஸ்ஸுக்குப் போன் போட்டார். அதற்கு உறையும் இல்லை, பதக்கமும் இல்லை, அதனால் ஒருவரும் சேர்த்து வைக்கவில்லை, இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை என்றான். தங்கள் கையேட்டைப் பார்த்தோம்: நாற்பது டாலர். டொலிடோவில் ஒரு கடை பாக்கியில்லாமல் கேட்டுவிட்டோம். நேற்று காலை காப்பி குடித்துக்கொண்டே அவர் கேட்டார்:

"டென்னசி போற வழியில எத்தன ஊர் வரும்? ஊருக்கு ஒரு கடையாச்சும் இருக்காதா?"

வீட்டை வாங்க வந்தவர்களுக்கு அவரே போன் செய்து சம்மதம் சொல்லிவிட்டார். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடுங்கள். அறுபதுக்கு என்ன விலை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். அறுபத்தொன்றை மட்டும், நாங்கள் ஒன்று வாங்கி முடிக்கும்வரை, தயவுசெய்து ஏற்றாதீர்கள். இன்னொன்று. இத்தனை வருஷமாக இதே தொழிலில் இருக்கிறீர்கள், அந்தப் படகு என்ன ஆயிற்று என்று தங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். பதில் எழுதினால் அதை மட்டும் எழுதிவிடாதீர்கள்.