ரொட்டித் துணுக்கு இல்லாத தீவு

“எங்ககிட்டயும் இடம் இல்லை சார். போன வருஷம் வந்தவங்க கிளம்பும்போதே அடுத்த பெஸாக்குக்கும் சொல்லி வெச்சுட்டுப் போயிட்டாங்க” என்றது போன்.

அவ்னேர் போனை மேசைமேல் கவிழ்த்தான். கையிலிருந்த மூக்குக்கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தான். இஸ்ரேலில் ரெஹோவோத் ஊர்க் கடைத்தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருந்த அவனுக்கு, மனசு சரியில்லை என்றால் எதையாவது துடைத்தாக வேண்டும்.

“தம்பி, துடைச்சது போதும்” என்றார் அந்தக் கண்ணாடிக்காக எதிரே காத்திருந்த கிழவர். “இன்னும் தேய்ச்சா பவர் இறங்கிடும். குடு.”

யூதர்களின் பெஸாக் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. விசாரித்த ஓட்டல்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. சைப்ரஸ், ரோம், புடாபெஸ்ட் என்று எங்கே கேட்டாலும் இடமில்லை. மனைவி தெஹிலாவுக்கோ வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

போன வருஷம் நடந்தது அவன் கண்ணைவிட்டுப் போகவில்லை. பெஸாக் வாரத்தில் வீட்டுக்குள் ரொட்டி மாதிரி புளித்த மாவுப் பண்டத்தின் வாசனைகூட இருக்கக் கூடாது. அதற்காகத் தெஹிலா வாரக்கணக்கில் வீட்டைச் சுரண்டினாள். மேசை இழுப்பறை இடுக்குகளைப் பல்குச்சியால் குத்தினாள். புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தலைகீழாக உதறினாள். பண்டிகை ராத்திரி அவ்னேரின் உறவுக்கூட்டம் மொத்தமும் வந்து உட்கார்ந்து, எகிப்திலிருந்து முன்னோர் விடுதலையான கதையைப் படிக்கத் தொடங்கியது. கதையில் முன்னோர்கள் கடலைக் கடப்பதற்குள் தெஹிலா தட்டிலேயே முகம் கவிழ்ந்து தூங்கிவிட்டாள்.

“பாவம், பக்தியில உருகிட்டா” என்றாள் அவ்னேரின் அக்கா ஸோஹரா.

தெஹிலா எழுந்தபோது நெற்றியில் கீரை இலை ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்: “அவ்னேர், அடுத்த பெஸாக்ல ஒரே ஒரு ரொட்டித் துணுக்கு என் கண்ணுல பட்டுதுன்னா, பசங்களை உன்கிட்ட விட்டுட்டு எய்லாத்துல எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன். வந்து கூப்பிடாதே.”

அவள் கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான். கத்தாததால் பயந்துவிட்டான்.

“படவே படாது. குடும்பத்தோட வெளிநாடு போறோம். நீ ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட வேண்டாம். எல்லாம் நான் பார்த்துக்கறேன்.”

தன் காலுறை எங்கே என்று தினமும் காலையில் மனைவியைக் கேட்கிறவன் சொன்ன வார்த்தை இது.

கிழவர் போனதும் கடையைச் சாத்திவிட்டுக் கணினியைத் துழாவினான். கிரீட் தீவில், கடலை ஒட்டிய கிராமத்தில் ஒரு சின்ன விடுதி கண்ணில் பட்டது. பண்டிகை வாரத்துக்குக் குடும்பங்களை வரவேற்கிறோம் என்று போட்டிருந்தது. உடனே போன் செய்தான். விடுதிக்காரம்மா ஸ்தமாத்தியா எடுத்தாள். அவனுக்கும் இங்கிலீஷ் அரைகுறை, அவளுக்கும் அரைகுறை. அதனாலேயே இருவருக்கும் பேச்சு பிரமாதமாக ஓடியது.

“பெஸாக்... உங்க ஊர்ல உண்டா?”

“பாஸ்காவா? நல்லாக் கேட்டீங்க! ஊரே கொண்டாடும் சார்!”

அவளுக்கு வாயில் நுழையவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டான் அவ்னேர். ஊரே கொண்டாடுமாமே! ஒரு கிரேக்கக் கிராமத்தில் இவ்வளவு நம்மவர்களா?

“ஆட்டுக்கறி?”

“ஆட்டுக்குட்டி இல்லாத பாஸ்காவா!”

“முட்டை?”

“கூடை கூடையா!”

கடைசியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான். “ரொட்டி விஷயம்தான் ரொம்ப முக்கியம். என் மனைவி அதுல கொஞ்சம்...”

“ரொட்டியைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க. அதை என்கிட்ட விட்டுடுங்க” என்றாள் ஸ்தமாத்தியா. “எங்க பெரியவரும் வந்து ஆசீர்வாதம் பண்ணுவார்.”

“அவர் கண்டிப்பானவரா?”

“ஐயோ! கறுப்பு அங்கி, இடுப்பு வரைக்கும் தாடி. அவரைக் கண்டா நாங்கல்லாம் எழுந்து நின்னுடுவோம்.”

அவ்னேர் அங்கேயே பணத்தைக் கட்டினான்.

ஸோஹராவுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் அடுத்த தலைவலி. ஊரில் யார் வீட்டு அடுப்பு சுத்தம், யார் வீட்டு அடுப்பு அசுத்தம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. உண்மையைச் சொன்னால் கூடவே கிளம்பிவிடுவாள். யோசித்து யோசித்து ஒரு தந்திரம் கண்டுபிடித்தான்.

“அக்கா, இந்தத் தடவை நாங்க கிரீஸ் போறோம். சின்ன இடம். உன் அளவுக்குக் கட்டுப்பாடெல்லாம் அங்க இருக்காது. உனக்குச் சரிப்படாது.”

ஸோஹராவின் குரல் எகிறியது.

“எனக்குச் சரிப்படாதுன்னா பசங்களுக்கு மட்டும் சரிப்படுமாடா? பெஸாக்ல புள்ளைங்களுக்கு ரொட்டி தின்னக் குடுக்கக் கூட்டிட்டுப் போறியா? அப்பா இருந்திருந்தா... இரு, சித்தப்பாவுக்குப் போன் போடறேன். ஹைஃபா மாமாவுக்கும் சொல்லணும்.”

“அக்கா, அக்கா! போடாதே! கட்டுப்பாடு இருக்கு! பயங்கரமான கட்டுப்பாடு!”

“இப்பதான் இல்லைன்னே.”

“வாய் தவறிடுச்சு. அங்க ஒரு பெரியவர் இருக்கார். இடுப்பு வரைக்கும் தாடி. ஊரே அவரைக் கண்டா எழுந்து நிக்குமாம்!”

மறுபடி ஸோஹராவின் குரல். இந்த முறை அது கனிந்திருந்தது.

“அப்படியாப்பட்ட இடத்தை எனக்குச் சொல்லாம மறைச்சியாடா? ரூம் எடு. நான், உங்க மாமா, அஞ்சு பசங்க.”

ராத்திரி சாப்பாட்டின்போது அவ்னேர் உப்பைத் தேடுகிற பாவனையில் விஷயத்தை மெல்ல விட்டான். தெஹிலா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஸோஹராவா?”

“நீ அவளுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம், தெஹிலா.”

“செய்யறது கஷ்டமில்லை, அவ்னேர். நான் சும்மா உட்கார்ந்திருக்கறதை அவ பார்த்துக்கிட்டே இருப்பா பாரு, அதுதான் கஷ்டம்.”

இதைச் சரிக்கட்ட அவ்னேர் சுத்தத்தில் இறங்கினான். அன்றிலிருந்து பிள்ளைகள் மூவருக்கும் ரொட்டி, பிஸ்கட், கேக் எல்லாம் தடை. பண்டிகை வருவதற்கு இன்னும் நாள் இருந்தது.

“இப்பவே ஏம்ப்பா?” என்றான் மூத்தவன் இத்தாய். “இன்னும் எகிப்துலதானே இருக்கோம்?”

“நம்ம வீட்ல முன்னாடியே விடுதலை.”

தடை வந்ததும் கள்ளக்கடத்தல் வந்தது. நடுவுள்ளவள் மெய்த்தல் பியானோவுக்குள் பிஸ்கட் வைத்தாள். அவ்னேர் பியானோவைப் பிரித்தான். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. கடைக்குட்டி யுவலின் கார் இருக்கையைத் தூசி உறிஞ்சியால் சுத்தம் பண்ணினான். உறிஞ்சி அதன் வாரையும் சேர்த்து விழுங்கி நின்றுவிட்டது. பெட்டிகளை உதறி வெயிலில் காயவைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் தன் புறாக்களுக்குப் போட்ட ரொட்டித்தூள் அத்தனையும் காற்றில் பறந்து வந்து அவற்றில் இறங்கியது. இவன் மாடியிலிருந்து கத்தினான். அவர் கீழிருந்து கத்தினார். புறாக்கள் பெட்டிக்குள் புகுந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, பதிலுக்கு வேறொன்றைப் போட்டுவிட்டுப் போயின.

தெஹிலா எல்லாவற்றையும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தாள். எழுந்திருக்க வேண்டாம் என்று அவன்தானே சொல்லியிருந்தான்?

கிளம்பும் நாள் வந்தது. விமான நிலையத்தில் ஸோஹராவின் குடும்பம் ஒரு படையெடுப்புபோல நின்றது. தனித் தட்டு, தனிப் பானை, பெட்டி பெட்டியாகப் பண்டிகைக்கு உரிய புளிக்காத அப்பம். “எத்தனை பெரிய பெரியவரா இருந்தாலும் தட்டு நம்மதா இருக்கணும்” என்றாள். அவள் கணவர் பின்ஹாஸ் பானைகளுக்கு நடுவே ஒரு பானையாக நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை.

அவ்னேர் நின்றபடியே பிள்ளைகளின் பாக்கெட்டுகளை வெளியே இழுத்துப் பார்த்தான். சுத்தம். சட்டைக் காலர், காலணி எல்லாம் சுத்தம். அப்போது யுவல் அவன் காதில் கிசுகிசுத்தான்.

“அப்பா, என்னோட எள்ளு ரொட்டி வளையம் அத்தை பெட்டியில இருக்கு.”

“எந்தப் பெட்டி?”

யுவல் விரலை நீட்டினான். ஸோஹராவின் தொப்பிப் பெட்டி! அந்தப் பெட்டி சோதனை மேசைமேல் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாரி பூட்டைத் திறந்தார். ஸோஹரா ஒரு பக்கம், தெஹிலா ஒரு பக்கம். அவ்னேர் பாய்ந்தான். பண்டிகைத் தொப்பிக்குள் கையை விட்டு, பாதி தின்ற ரொட்டி வளையத்தை இழுத்து அப்படியே வாயில் திணித்துக்கொண்டான்.

“சார்! வாயில என்னது?” என்றார் அதிகாரி.

“தொப்பி” என்றான் அவ்னேர், எள்ளு தெறிக்க.

அவனைத் தனியறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் வாயைத் திறக்கச் சொன்னார்கள். நாக்கைத் தூக்கச் சொன்னார்கள். விமானத்தில் கடைசியாக ஏறியவன் அவன்தான்.

“என் தொப்பியில இருந்து என்னத்தையோ எடுத்துத் தின்னான்” என்று ஸோஹரா வழி முழுக்கப் பின்ஹாஸிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். “அவனை யார்கிட்டயாவது காட்டணும். கண்ணாடிக் கடையில உட்கார்ந்து உட்கார்ந்து மூளை தேய்ஞ்சு போச்சு.”

தெஹிலா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். எய்லாத்துக்குப் போகிற பஸ் நேரத்தை மனசுக்குள் பார்க்கிறாளோ என்று அவ்னேர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

கிராமத்தை அடைந்தபோது மதியம் சாய்ந்திருந்தது. வீடுகளுக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தெருக் கற்களின் ஓரங்களில்கூட வெள்ளைக் கோடு. விடுதி முற்றத்தில் ஒரு ஆட்டுக்குட்டி கட்டியிருந்தது. பிள்ளைகள் எட்டுப் பேரும் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். ஸ்தமாத்தியா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“வாங்க, வாங்க! ரூமை இன்னும் அலங்காரம் பண்றோம். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து உட்காருங்க.”

ஸோஹரா உட்காரவில்லை. “எனக்குச் சமையலறையைக் காட்டச் சொல்லு” என்றாள்.

அவ்னேர் பின்னாலேயே ஓடினான். ஸோஹரா அடுப்புக்குள் தலையை விட்டாள். அலமாரி மேல்தட்டில் விரலை இழுத்து, விரலை முகர்ந்தாள். குளிர்பெட்டியைத் திறந்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“அவ்னேர்... நம்ம வழக்கப்படி கறியும் பாலும் தனித்தனியா வெச்சிருக்காங்களான்னு பார்க்கத் திறந்தேன்டா. இங்க கறியும் இல்லை, பாலும் இல்லை. வெண்ணெய்கூட இல்லை!”

“எங்களுக்கு இது விரத நாள்மா” என்றாள் ஸ்தமாத்தியா அடக்கமாக. “பண்டிகை வரைக்கும் அதெல்லாம் தொட மாட்டோம்.”

“விரதம் வேறயா!” ஸோஹரா நெஞ்சில் கைவைத்தாள். “ரொட்டி? மாவு?”

“சமையலறையில ஒரு துண்டு கிடையாது. தேடிப் பாருங்க.”

ஸோஹரா தேடினாள். கிடைக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

“நம்ம மதகுரு ரப்பி வீட்டுச் சமையலறைகூட இப்படி இருக்காது” என்றாள் வெளியே வந்து, எல்லோரும் கேட்கும்படி. “டேய் அவ்னேர், நான் உன்னை என்னமோன்னு நினைச்சேன். அப்பா இருந்து இதைப் பார்க்கலையே!” என்று அவன் நெற்றியில் முத்தமிட்டாள். பிறகு, அதைவிடப் பெரிய அதிசயம், தெஹிலாவைப் பார்த்துச் சொன்னாள்: “நீ உட்காரும்மா. காலை நீட்டி உட்காரு. பசங்களை நான் பார்த்துக்கறேன்.”

பின்ஹாஸ்கூட வாய் திறந்தார். “நல்ல இடம்” என்றார்.

முற்றத்து ஓரம் இரண்டு சாய்வு நாற்காலிகள் கிடந்தன. தெஹிலா செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்றில் சாய்ந்தாள். கீழே கடல் அமைதியாக இருந்தது. அவ்னேர் இன்னொன்றின் நுனியில் உட்கார்ந்தான், எழுந்தான், பெட்டிகளை எண்ணினான், மறுபடி உட்கார்ந்து சட்டை நுனியால் தன் கண்ணாடியைத் துடைத்தான். தெஹிலா கையை நீட்டி அந்தக் கண்ணாடியை வாங்கிக்கொண்டாள்.

“போதும், அவ்னேர்.”

“என்ன போதும்?”

“துடைச்சது. சாய்ஞ்சு உட்காரு.” கண்ணாடியை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “நீ தொப்பிப் பெட்டியில கை விட்டப்போ, நிஜமாவே எய்லாத்துக்குப் போயிடலாம்னு நினைச்சேன். நீ செய்து காட்டுவேன்னு நான் நம்பலை. செய்துட்டே.”

அவ்னேர் சாய்ந்து உட்கார்ந்தான். முதுகு நாற்காலியில் முழுசாகப் பதிந்தது அவனுக்கே வினோதமாக இருந்தது. தெஹிலா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். இந்தத் தடவை தட்டில் விழுந்து தூங்கவில்லை, சிரித்துக்கொண்டே தூங்கினாள்.

வாசலில் கறுப்பு அங்கியும் நீண்ட தாடியுமாக ஒருவர் வருவது தெரிந்தது. ஸோஹரா பிள்ளைகள் அத்தனை பேரையும் இழுத்து வரிசையாக நிறுத்தி, தானும் பயபக்தியோடு தலை குனிந்து நின்றாள். அவருக்குப் பின்னால், முகமெல்லாம் சிரிப்பாக, அறைச் சாவிகளைக் குலுக்கிக்கொண்டு ஸ்தமாத்தியா ஓடி வந்தாள்.

“ரூம் தயார் சார்! பாஸ்காவுக்கு, ஏசு சாமி உயிர்த்தெழுற பண்டிகைக்கு, எங்க ஊர் விசேஷமே ரொட்டிதானே? கோயில் அடுப்புல சுட்டது, சுடச்சுட, ஒவ்வொரு தலையணை மேலயும் ஒண்ணு வெச்சிருக்கேன்!”