கல்லங்குறிச்சி ரோட்டில் தார்ப்பாய் லாரி

எச்சில் இலை ஒன்று லாரியிலிருந்து கிளம்பி, காற்றில் இரண்டு பல்டி அடித்து, கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் தர்மகர்த்தாவின் நெற்றியில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் அப்போதுதான் குளித்து முழுகிப் பளிச்சென்று நாமம் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பியிருந்தார். இலையில் ரசம் சாதம் மிச்சமிருந்தது.

அன்று மத்தியானமே குப்பை கான்ட்ராக்டர் ஆண்டவர், தன் மேஸ்திரி பஞ்சநாதனைக் கூப்பிட்டு அனுப்பினார். அரியலூர் டவுன் குப்பையை அள்ளிக்கொண்டுபோய்க் கல்லங்குறிச்சி தாண்டி இருக்கும் பள்ளத்தில் கொட்டுகிற கான்ட்ராக்ட் அவருடையது. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துவிட்ட லாரி ஒன்றை வாங்கி விட்டிருந்தார். மாட்டு வண்டி ஓடியவரை குப்பை சாதுவாக வண்டியோடு போனது. லாரி வந்த பிறகு அதற்கு இறக்கை முளைத்துவிட்டது.

"பங்குனித் தேர் நெருங்கிடுச்சு. அதுக்குள்ள வண்டிக்கு ஒரு மூடாக்குப் போட்டுடு. அப்புறம் ஒரு எல பறந்தாலும் உனக்கு வேல கெடையாது. போய் மாமனாரு வூட்டு எருமைய மேயி" என்றார் ஆண்டவர்.

பஞ்சநாதனுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. எருமை என்பது அவர் பேச்சுக்குச் சொன்னதல்ல. கீழப்பழுவூரில் மாமனார் வீட்டில் நிஜமாகவே எருமைகள் இருந்தன. கல்யாணமான புதிதில் அவன் அவற்றை மேய்த்தும் இருக்கிறான். எருமைகளைக் கூப்பிடவும் மருமகனைக் கூப்பிடவும் மாமனார் ஒரே சத்தத்தைத்தான் உபயோகித்தார். யார் வருகிறார்களோ வரட்டும் என்று இருந்துவிடுவார். மேஸ்திரி வேலை கிடைத்த அன்றுதான் முதல்முதலாக, "வாங்க மாப்ளே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பஞ்சநாதன் எதையும் செய்வான்.

முதலில் தென்னங்கீற்றைப் பின்னிக் குப்பையின் மேல் போட்டுப் பார்த்தான். ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் கீற்றே பறந்துபோய் ஒரு ஜட்கா குதிரையின் தலையில் கவிழ்ந்தது. அந்தக் குதிரை அன்று ஸ்டேஷனுக்குப் போகவில்லை. வேறு எங்கேயோ போனது.

அடுத்து, சாக்குகளைப் பிரித்துக் கோணி ஊசியால் ஒன்றாகத் தைத்துப் போட்டான். இலை தழை நின்றது. ஆனால் புழுதி, சாக்கின் கண்களில் நன்றாகச் சலித்துக்கொண்டு நைஸாக இறங்கிற்று. ரோட்டோரத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நிறமாகிவிட்டார்கள்.

பிறகு ஏரியில் போடும் மீன் வலை. அதில் ஒரு காக்கை மாட்டிக்கொண்டது. ஊரில் உள்ள மற்ற காக்கைகள் எல்லாம் நியாயம் கேட்டுக்கொண்டு பள்ளம் வரைக்கும் லாரியின் தலைக்கு மேலேயே பறந்து வந்தன.

"மிலிட்டரித் தார்ப்பாய் வாங்குங்கண்ணே. திருச்சில ஏலம் போடுறான்" என்றான் டிரைவர் வீரமுத்து. பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். ஆள் குள்ளம். ஸ்டியரிங்குக்கு மேலே அவன் தலை தெரியாது, வளையத்துக்கு நடுவே பார்த்துத்தான் ஓட்டுவான்.

தார்ப்பாய் வந்தது. நல்ல கனம். நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு கறை இருந்தது. பஞ்சநாதன் சீயக்காய் போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை.

"பர்மா வரைக்கும் போயிட்டு வந்ததாம்ணே" என்றான் வீரமுத்து. "அங்க எத மூடுச்சோ, யார மூடுச்சோ."

"வாய மூடுடா மொதல்ல."

லாரி கிளம்பியதும் தார்ப்பாய் மூச்சுவிட ஆரம்பித்தது. கயிறு கோக்கும் வளையங்கள் ஒரு பக்கம் பிய்ந்திருந்ததால், அந்த வழியாகக் காற்று புகுந்தது. அடியில் யாரோ படுத்திருப்பதுபோல் அது மெல்ல எழும்பும், கொஞ்சம் நிற்கும், பிறகு தாழும். பஞ்சநாதனுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மேலே கல் வைத்தான். மேட்டில் ஏறும்போது கல் உருண்டு, பின்னால் வந்த சைக்கிள்காரரைத் துரத்தியது. கடைசியில், கல்லைவிடத் தன் உடம்பு மேல் என்று அவனே ஏறி நீட்டிப் படுத்துக்கொண்டான். கண்ணில் புழுதி விழாமல் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். நாற்றத்துக்குத் தலைமாட்டில் ஒரு கட்டு ஊதுவத்தி.

ஒரு இலைகூடப் பறக்கவில்லை. பஞ்சநாதனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளத்தில் கொட்டிய பிறகு தார்ப்பாயை மடித்துப் போட்டுவிட்டு, வீரமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்து ராஜா மாதிரி ஊர் திரும்பினான்.

தினமும் கருக்கலில் லாரி கல்லங்குறிச்சிக்குள் நுழையும். சாணி தெளிக்கும் சத்தம் சட்டென்று நின்றுபோகும். கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொள்வது துண்டுக்குள்ளே அவன் காதில் விழும். நாய்கூடக் குரைக்காது. ஒருநாள் எங்கேயோ ஒரு பெண்பிள்ளை ஒப்பாரியை ஆரம்பித்து, யாரோ வாயைப் பொத்தியதுபோல் பாதியில் நிறுத்தினாள். நாற்றத்துக்குக் கதவைச் சாத்துகிறார்கள் என்று முதலில் நினைத்தான். நாற்றத்துக்கு ஒப்பாரி வைக்கிறவர்கள் உண்டா என்று பிறகு நினைத்தான். அன்று படுத்திருந்தபடியே துண்டை இன்னும் இறுக்கி இழுத்துக்கொண்டான்.

சவரம் செய்துகொள்ளப் போன இடத்தில் கண்ணையன்தான் விஷயத்தைச் சொன்னான்.

"கேட்டீங்களா? கல்லங்குறிச்சி ரோட்டுல தெனம் ஒரு பொணம் போகுதாம். கறுப்பு லாரியாம். ஓட்டுறதுக்கு ஆளே கெடையாதாம், அதுவாப் போகுதாம்."

"பேதி வந்து செத்ததா இருக்கும்."

"அங்கதாங்க விசயமே. எந்த வூட்டுலயும் சாவு வுழல. எல்லாரும் உசுரோட இருக்காங்க. ஆனா தெனம் பொணம் போகுது. அதுவும் ஒரே பொணமாம்!"

"ஒரேன்னா?"

"அதே உசரம், அதே வேட்டியாம். காலையில போகுது. திரும்பி வர்றப்ப வெறும் வண்டி. மறுநா காலையில பாத்தா மறுபடியும் போகுது."

பஞ்சநாதனின் கன்னத்தில் கத்தி கீறிவிட்டது. கண்ணையன் மேல் தப்பில்லை, கன்னம்தான் ஆடியது.

"நான் தெனம் அந்த ரோட்டுலதானே போறேன்? என் கண்ணுல படலியே!"

"படாதுங்க. யாரைக் கொண்டுபோவப் போவுதோ அவங்க கண்ணுக்கு அது தெரியாதாம்."

அன்று மத்தியானம் வீட்டில் பஞ்சநாதன் சோறு சாப்பிடாமல் எழுந்துவிட்டதைப் பார்த்து அவன் மனைவி ஜெகதாம்பாள் காரணம் கேட்டாள். சொன்னான். அவள் மாரியம்மன் திருநீற்றை அவன் நெற்றி முழுக்க அப்பி, கையில் ஒரு கறுப்புக் கயிறும் கட்டிவிட்டாள். வேட்டியை மட்டும் மாற்றச் சொல்லவில்லை. அவனிடம் இருந்தது ஒன்றுதான்.

அன்று சாயங்காலமே ஆண்டவர் குதிகுதி என்று குதித்தார். "பேதி பரவிருக்குன்னு சேதி சர்க்கார் வரைக்கும் போயிடுச்சாம். தேர நிறுத்தப்போறாங்க. தேர் இல்லன்னா கூட்டம் இல்ல. கூட்டம் இல்லன்னா குப்ப இல்ல. குப்ப இல்லன்னா நீ எதுக்குடா எனக்கு?"

"முதலாளி, நான் ஒரு எல பறக்கவிடலீங்களே!"

"எல கெடக்குது. அந்தப் பொண வண்டி எவனோடதுன்னு கண்டுபுடிச்சுக் குடு. உனக்கு ஆயுசுக்கும் மேஸ்திரி வேல. இல்லன்னா எரும!"

மறுநாள் கருக்கலில் வீரமுத்துவும் வண்டியைக் கிளப்பாமல் ரோட்டையே எட்டி எட்டிப் பார்த்தான். "அண்ணே, அது நமக்கு முன்னால போகுதா, பின்னால வருதா?"

"தெரிஞ்சா எனக்கு ஏன்டா இப்படி வேர்க்குது? எங்கயும் நிக்காத. வெரட்டி ஓட்டு."

வேகத்தில் உருண்டு விழுந்துவிடக் கூடாதே என்று மார்பிலும் தொடையிலும் காலிலும் கயிற்றைப் போட்டுத் தன்னை லாரியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். கறை, சரியாக அவன் முதுகுக்கு நேராக இருந்தது. அவன் மூச்சு இழுக்கும்போது தார்ப்பாயும் மூச்சு இழுத்தது. பயத்தில் அவன் நிறுத்தினான். அது நிறுத்தவில்லை.

கல்லங்குறிச்சி எல்லையில் பிரேக் கிறீச்சிட்டது. சுற்றிலும் நிறையப் பேர் மூச்சுவிடும் சத்தம். துண்டை விலக்கிப் பார்க்கப் பஞ்சநாதனுக்குத் தைரியம் வரவில்லை.

"நான் சுகாதார இன்ஸ்பெக்டர்!" ஒரு குரல் கேட்டது. அதிகாரம் இருந்தது, நடுக்கமும் இருந்தது. "பொணத்த எறக்குங்க!"

பஞ்சநாதனுக்கு உயிரே போய்விட்டது. அப்படியென்றால் அது இங்கேதான் இருக்கிறது. இந்த லாரியிலேயே, தனக்கு அடியிலேயே இருக்கிறது. மூச்சுவிட்டது காற்று இல்லை!

"ஐயோ!" என்று அலறிக்கொண்டு ஒரே உலுக்கில் எழுந்து உட்கார்ந்தான். மார்புக் கயிறு பட்டென்று அறுந்தது.

கூட்டம் வீறிட்ட சத்தத்தில் கோயில் கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன. இன்ஸ்பெக்டர் தன் சைக்கிளை மறந்துவிட்டு ஓடினார். பஞ்சநாதன் காலை உதறி விடுவித்துக்கொண்டு கீழே குதித்தான். பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. கூட்டம் ஓடிய திக்கிலேயே அவனும் ஓடினான். அவன் நெருங்க நெருங்க அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். அதைப் பார்த்து, அது தன் முதுகுக்குப் பின்னாலேயே வந்துவிட்டதென்று அவனும் வேகத்தைக் கூட்டினான்.

மல்லாக்கொட்டை விற்கும் பச்சையம்மாள் மட்டும் கூடையோடு நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. பயத்திலும் பஞ்சநாதனுக்கு அவளை விட்டுவிட்டு ஓட மனம் வரவில்லை. கையைப் பிடித்து இழுத்தான்.

"எந்திரிங்கம்மா, ஓடுங்க! அந்தப் பொணம் பின்னாடியே வருது!"

அவள் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவன் நெற்றி நிறைய அப்பியிருந்த திருநீற்றையும் தொடையில் தொங்கிய கயிற்றையும் ஒருமுறை பார்த்தாள்.

"நீங்களே ஓடுனா நாங்க எங்கய்யா போறது? தெனம் வண்டில போற பொணமே நீங்கதானே!"