சீட்டு நாள் மனைவி

கணவனால் கைவிடப்பட்ட மனைவிக்கு ஜீவனாம்சம் உண்டு என்று சட்டம் சொல்கிறது. பழவேற்காடு ஏரிக்கரையில் சவுக்குத்திட்டு குப்பத்து ஜமுனாவும் அதை நம்பினாள். நம்புவதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை என்பதால் அதுவரை அவளுக்குச் செலவு எதுவும் ஆகவில்லை.

அவள் கேட்டது மாதம் மூவாயிரம். மகள் வைஷ்ணவி பத்தாவது படிக்கிறாள். ஜமுனாவுக்கு நண்டு ஏலத்தில் கூடை தூக்கும் வேலை. அதுவும் ஏரியில் நண்டு இருந்தால்தான். கணவன் சுபாஷ் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். அவன் கையில் வலைக்கயிறு இருந்தது. அவள் முதுகில் அதன் தடம் இருந்தது.

நீதிமன்றம் முதலில் சொத்து, வருமானம், செலவு விவரம் கேட்டு ஒரு படிவம் கொடுத்தது. இருபது பக்கத்துக்கு மேல் இருக்கும். வக்கீல் வித்யா கேள்விகளை வாசித்தாள்.

"ஏதாவது கிளப்புல மெம்பரா?"

"மகளிர் குழுவுல இருக்கேம்மா."

"கடைசியா எப்போ டூர் போனீங்க?"

ஜமுனா யோசித்தாள். "டூர் எல்லாம் இல்ல. தடாவுல அத்தை செத்தப்போ போனேன்."

"எளாவூர் செக்போஸ்ட் தாண்டியா? அப்போ வெளிமாநிலம். மறைக்கக் கூடாது, எழுதணும்."

எழுதினார்கள். அடுத்த வாய்தாவில் எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து, மனுதாரர் ஆந்திரா வரை சென்றுவரும் வசதி படைத்தவர் என்று தெரிவித்தார். கனம் கோர்ட்டார் குறித்துக்கொண்டார்.

பிறகு சுபாஷ் தனக்கு வருமானமே இல்லை என்றான். அதற்கு அவன் சொன்ன காரணம் ஏரியின் வழக்கம். இறால் ஓடும் நல்ல இடங்களில் நினைத்தவர் நினைத்தபோது வலை போட முடியாது. குப்பத்தில் சீட்டுக் குலுக்கி, இன்னாருக்கு இன்ன இடம், இன்ன நாள் என்று முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு தலைக்கட்டுக்குத்தான். தலைக்கட்டு என்றால் மனைவியோடு குடித்தனம் நடத்துகிற ஆண். மனைவி போனால் பாடும் போகும்.

"பொண்டாட்டி பூட்டா. அதனால பாடு இல்ல. பாடு இல்லாதவனுக்கு வருமானம் ஏதுங்க ஐயா?" என்று கூண்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதே சுபாஷ் சீட்டு நாளன்று குப்பத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பான்.

"எங்கடா உன் பொண்டாட்டி?" என்பார் குப்பத்துத் தலைவர் பொன்னுரங்கம்.

"அவங்கம்மா வூட்டுக்குப் போயிருக்கா தலைவரே. நாளைக்கு வந்துடுவா."

அந்த 'நாளை' வராமலே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. பாடு மட்டும் தவறாமல் வந்தது.

உண்மையைக் கண்டறிந்து அறிக்கை தருமாறு வருவாய் அலுவலர் சிவகுமாருக்கு உத்தரவு போயிற்று. அவர் திருப்பாலைவனம் வரை பஸ்ஸிலும், அங்கிருந்து தலைவர் அனுப்பிய பைக்கிலும் வந்து சேர்ந்தார். இறால் வறுவல் சாப்பிட்டுக் கைகழுவியபின் பாரபட்சமற்ற விசாரணை தொடங்கியது.

"சுபாஷுக்குப் பாடு இருக்கா?"

"இருக்கு சார்," என்றார் பொன்னுரங்கம்.

"அப்போ வருமானம் இருக்கு."

"இருக்கு. ஆனா பாடு இருக்குதுன்னா பொண்டாட்டி கூட இருக்கான்னு அர்த்தம். கூட இருக்கிறவளுக்கு ஜீவனாம்சம் எதுக்கு?"

"கூட இல்லையேய்யா. கேஸ் போட்டிருக்காங்களே."

"அப்போ பாடு இல்ல. பாடு இல்லாதவன் எங்கேர்ந்து குடுப்பான்?"

சிவகுமார் பூரித்துப்போனார். இருபது வருஷ சர்வீசில் இவ்வளவு தெளிவாகப் பேசும் கிராமத்தை அவர் பார்த்ததில்லை.

"சார், நான் கூட இருக்கேன்னு சொல்லித்தான் அந்தாளு இறால் வாரிக்கினு இருக்காரு," என்றாள் ஓரமாக நின்றிருந்த ஜமுனா. "அந்த இறாலை இந்தக் கண்ணால ஒரு தபாகூட பார்த்ததில்ல."

இது உணர்ச்சிவசப்பட்ட கூற்று என்பதால் அவர் அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

இருந்தாலும் ஒரு சர்க்கார் அதிகாரி வந்து கேள்வி கேட்கும்படி ஆனது குப்பத்துக்கு மானக்கேடாகப் போயிற்று. கூட்டம் கூடிச் சர்க்கார் வழியிலேயே ஒரு தீர்மானம் போட்டார்கள். பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை தாங்கள் உயிரோடு இருப்பதை நேரில் நிரூபிப்பதுபோல, இனி ஒவ்வொரு தலைக்கட்டும் சீட்டு நாளில் மனைவியைப் பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அதிகாரி பார்வையாளராக வந்து சிறப்பிக்க வேண்டும்.

சீட்டுக்கு முந்தின நாள், சுபாஷ் மாமியார் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"இன்னா ஜமுனா, நல்லா இருக்கியா?"

"இன்னா வோணும், அதைச் சொல்லு."

"நாளைக்கு ஒரு பத்து நிமிஷம் வந்து நில்லு. போட்டோ எடுத்ததும் போய்க்கினே இரு."

"நின்னா?"

"பாடு வரும்."

"உனக்கு வரும். எனக்கு இன்னா வரும்?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"மாசம் மூவாயிரம்," என்றாள். "மொத மாசம் இப்பவே கையில வை. ஒரு மாசம் தவறிச்சு, நான் இவன் பொண்டாட்டி இல்லன்னு தலைவர்கிட்ட நானே வந்து சொல்லிடுவேன்."

பதினாறு வாய்தாவில் பெயராத பணம் அரை மணி நேரத்தில் பெயர்ந்தது.

மறுநாள் ஜமுனா வந்து நின்றாள். போட்டோக்காரர், "இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்கக்கா," என்றார்.

"மாசம் மூவாயிரத்துக்கு இவ்ளோ கிட்டத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். சிவகுமார் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

பத்தே நாளில் அறிக்கை கோர்ட்டுக்குப் போயிற்று. "மனுதாரர் வருமானமின்றித் தவிப்பதாகக் கூறுவது உண்மைக்குப் புறம்பானது. அன்னார் எதிர்மனுதாரரின் மனைவியாக நிற்கும் பணியில் மாத ஊதியமாக ரூபாய் மூவாயிரம் பெற்றுவருகிறார். எனவே தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள வல்லவர்." கூடவே ஒரு வருமானச் சான்றிதழும் இணைத்திருந்தார். அதில் தொழில் என்ற இடத்தில் 'மனைவி' என்று இருந்தது.

மனு தள்ளுபடியானது.

"அப்பீல் போடலாம் ஜமுனா," என்றாள் வித்யா.

"அப்புறம் போட்டுக்கலாம்மா. மொதல்ல அந்தக் காயிதத்தைக் குடு," என்று சான்றிதழை வாங்கிக்கொண்டாள் ஜமுனா. அன்று மாலை நண்டு ஏலத்தில் அது கை மாறிக் கை மாறிப் போயிற்று. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொன்னார்கள்.

மறுநாள் காலை இ-சேவை மையத்தின் முன்னால் பெண்கள் வரிசை. முதல் ஆளாக நின்றவள் தலைவர் பொன்னுரங்கத்தின் மனைவி இந்திராணி.

"இன்னா சர்ட்டிபிகேட்?" என்றார் கம்ப்யூட்டர்முன் இருந்தவர்.

"வருமானச் சர்ட்டிபிகேட். தொழில் மனைவின்னு போடு."

"மாசச் சம்பளம்?"

"அதைத்தான் கேக்க வந்தேன். முப்பத்தோரு வருஷமா நிக்கிறேன். இன்னும் கண்ணுல காட்டல."

அவர் தட்டிப் பார்த்தார். "சம்பளம் இல்லாத தொழிலைக் கம்ப்யூட்டர் எடுக்காதும்மா."

"அப்போ சம்பளப் பாக்கின்னு போடு."

அவர் சிரித்துக்கொண்டே, இன்னும் எத்தனை பேர் என்று தலையை நீட்டி வரிசையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. எழுந்துபோய், 'சர்வர் வேலை செய்யவில்லை' என்ற அட்டையைக் கதவில் மாட்டிவிட்டு உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்.

வரிசையில் நாலாவதாக நின்றிருந்தது அவருடைய மனைவி.