தென்னை ஆலோசகர் கை முறிந்த வரலாறு

கொஞ்சம் கிட்ட வந்து குந்துங்க. இது இன்சூரன்ஸ் சங்கதி. தூரத்துல இருக்கிறவங்க காதுல அரைகுறையா விழுந்தா, அவங்களும் போய் ஒரு பாலிசி எடுத்துடுவாங்க.

பாகூர் பக்கத்தில் சுப்புராயன்னு ஒருத்தர். தென்னை ஏறுவது தொழில். முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. லீவு வேணும்னா தன்னையே கேட்டுக்குவார். முக்காவாசி நாள் கிடையாதுன்னுடுவார். அவர் சம்சாரம் அம்சவள்ளி. வூட்டில் ஒரு சினைப்பசு. ஆபத்துக்கு விற்கலாம்னா அது ஒண்ணுதான். அதை விற்கிற பேச்சை எடுத்தா அம்சவள்ளி அன்னிக்குச் சோறு போட மாட்டாள்.

போன மழைக்கு, பக்கத்து ஊரில் தென்னை ஏறினவர் ஒருத்தர் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சு படுத்துட்டார். அதிலிருந்து சுப்புராயனுக்குத் தூக்கம் போச்சு. மதகடிப்பட்டிலிருந்து உலகநாதனை வரச் சொன்னார். உலகநாதன் இன்சூரன்ஸ் பிடிக்கிறவர். அந்த வெயிலிலும் கழுத்தில் டை கட்டிக்கினு பைக்கில் வருகிற புண்ணியவான்.

"அண்ணே, தொழில் இன்னா?"

"தென்னை ஏர்றது."

உலகநாதன் பேனாவை மூடிட்டார். "அது அபாயகரமான தொழில்ணே. கம்பெனி எடுக்காது."

"எதனால?"

"விழுந்துட்டீங்கன்னா?"

"விழுந்தா பார்க்கணும்னுதானப்பா இன்சூரன்சே கேக்கறேன்!"

"அண்ணே, நீங்க புரிஞ்சிக்கணும். விழாதவங்களைத்தான் கம்பெனி பார்த்துக்கும். விழறவங்களையெல்லாம் சேர்த்துக்கினா கம்பெனி விழுந்துடும்."

"அப்ப வேலையே இல்லன்னு போட்டுக்கோ."

"வருமானம் இல்லாதவருக்கும் கிடையாது."

ஆக, சம்பாதிக்கணும், ஆனா மரத்தில் கால் வைக்கக் கூடாது. உலகநாதன் டையைத் தளர்த்திக்கினு ரொம்ப நேரம் மோட்டுவளையைப் பார்த்தார்.

"ஏர்றதுக்கு முன்னாடி கீழ நின்னு மரத்தைப் பார்ப்பீங்க இல்ல?"

"பார்க்காம?"

"எந்தக் குலை முத்தினது, எது இளசுன்னு முடிவு பண்ணுவீங்க?"

"ஆமா."

"அதாண்ணே தொழிலு! அதுக்கப்புறம் மேல போறதெல்லாம் சும்மா உடற்பயிற்சி. உடற்பயிற்சி செய்றவங்கன்னா கம்பெனிக்கு உசுரு, தள்ளுபடிகூட உண்டு. இன்னைலருந்து நீங்க தென்னை ஆலோசகர்."

இன்சூரன்ஸ் கார்டு வந்தது. சுப்புராயன் அதுக்கு உறை போட்டுக் கழுத்தில் மாட்டிக்கினார். ஆனா மனுசன் கள்ளங்கபடம் தெரியாதவர். ராத்திரி சாப்பாட்டில் கை வைக்கலை.

"பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டேனே அம்சு."

"அதுக்கு இன்னாய்யா இப்ப? மெய்யாக்கிட்டா போச்சி. மரத்துக்கு மரம் கீழ நின்னு ஆலோசனை சொல்லு. அப்புறம் ஏறு."

மறுநாளிலிருந்து அப்படியே நடந்தது. மரத்தடியில் இடுப்பில் கை வச்சுக்கினு நிற்பார். "சுப்புராயா, கிழக்கால குலை முத்திடுச்சி. தெக்கால தொடாதே" என்பார். "சரிங்க" என்று அவரே பதில் சொல்லுவார். அப்புறம் ஏறுவார். பார்த்தவங்க ஒரு மாதிரி சிரிச்சாங்க. சுப்புராயனுக்கு மனசு சுத்தமாச்சு, அது போதும்.

இப்படி இருக்கையிலே நடேசன் தோப்பில் ஒரு மரம், ஊரிலேயே நெட்டை. கீழே நின்னா தலை தெரியலை. ஆலோசனைன்னா சும்மாவா? பார்த்துத்தானே சொல்லணும்? அண்ணாந்துகினு ஒரு அடி பின்னால வச்சார். இன்னும் தெரியலை. இன்னொரு அடி வச்சார். அங்கே வாய்க்கால் இருந்தது. வலது கை மணிக்கட்டு, காஞ்ச மட்டை மாதிரி படக்குன்னு சத்தம் போட்டது.

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான?" என்றார் ஆட்டோக்காரர்.

"கார்டு இருக்குதுப்பா" என்றார் சுப்புராயன், அந்த வலியிலும்.

அதனால் ஏசி ஆஸ்பத்திரி. தகடு வச்சு ஆபரேஷன் பண்ணணும். கம்பெனி சரின்னு சொன்னா உடனே, இல்லைன்னா பணம் கட்டின பிறகுதான்னாங்க. அம்சவள்ளி எந்த மாட்டுத் தரகரை நினைக்கிறாள்னு சுப்புராயனுக்குத் தெரிஞ்சது.

மறுநாள் ஜெயசீலன் வந்தார். கம்பெனியின் சம்பவ உண்மைத்தன்மை சரிபார்ப்பு அலுவலர். பேரைவிடப் பதவி நீளம். அவர் வந்த நேரம், கட்டிலைச் சுத்தி ஊரே வாழைப்பழமும் பிரட்டுமா நிக்குது.

"இவர் மரத்திலிருந்து விழுந்ததாகச் சந்தேகிக்கிறோம்" என்றார் ஜெயசீலன்.

ஊருக்கு ரோஷம் வந்துடுச்சு.

"மரத்துலருந்தா? எங்க சுப்புராயனா?" என்று முன்னால வந்தார் தோப்புக்காரர் நடேசன். "யாரைப் பார்த்து இன்னா பேச்சு பேசறீங்க? அணில்கூட வழுக்கும் சார், இவரு வழுக்க மாட்டாரு!"

சுப்புராயன் நல்ல கையை ஆட்டி வேணாம் வேணாம்னார். நடேசன் அதை அடக்கம்னு நினைச்சுட்டார்.

"மழைலகூட ஏறுவாரு சார்" என்றாள் எதிர்வூட்டு தேவி. "போன வாரம் எங்க வூட்டு மரத்துல எம்மாம் வேகமா ஏறினாரு தெரியுமா? போன்ல எடுத்து வச்சிருக்கேன், காட்டட்டா?"

காட்டிட்டாள். ஜெயசீலன் பார்த்தார். நிதானமா மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

"ஆக, ஏறுவார். தொழிலை மறைத்துப் பெற்ற பாலிசி. செல்லாது."

சுப்புராயன் கண்ணை மூடிக்கினார். மூடின கண்ணுக்குள்ளே பசு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கினே சந்தைக்குப் போச்சு.

"சார், ஒரு நிமிசம்" என்றாள் அம்சவள்ளி. "ஏறினா விழுவாருன்னுதான கம்பெனி பயப்படுது?"

"ஆமாம்."

"எனக்குத் தாலி கட்டறதுக்கு முன்னாடிலருந்து ஏர்றாரு. ஒரு கீறல் கிடையாது. உங்க ஆளு வந்து ஆலோசகர்னு எழுதினாரு. ரெண்டு மாசம் ஆலோசனை சொன்னாரு, கை போச்சி. எது சார் அபாயம்?"

ஜெயசீலன் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கினார்.

"விழும்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?"

"ஆலோசனை."

"யாருக்கு?"

"அவருக்குத்தான்."

"தமக்குத் தாமேவா?"

"சுயதொழில் சார். வேற யாருக்குச் சொல்லுவாரு?"

"ஆனால் ஏறியிருக்கிறாரே அம்மா..."

"ஏறினதுக்கு நாங்க ஒரு பைசா கேட்டோமா சார்? ஏறினது ஏறினதாவே இருக்கட்டும். ஆலோசகருக்குப் பாலிசி குடுத்தீங்க. ஆலோசகர் விழுந்துட்டாரு."

ஜெயசீலன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். எழுதினார்: 'காப்பீடு பெற்றவர் மேற்படி தோப்பில் தமக்குத் தாமே ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தபோது, பணி நிமித்தம் பின்னோக்கி நகர்ந்து வாய்க்காலில் வீழ்ந்தார். இதில் மரத்துக்கு யாதொரு பங்கும் இல்லை.'

ஆபரேஷன் ஆச்சு. பசு தப்பிச்சு, கன்னும் போட்டது.

கதை இதோட நின்னிருக்கும். ஆனா அந்த அறிக்கை மேலே போச்சு. மேலே இருக்கிற பெரிய படிப்பாளிங்க கூடி ஆராய்ச்சி பண்ணினாங்க. தென்னையிலிருந்து விழுந்தேன்னு இதுவரைக்கும் கம்பெனியில் ஒருத்தர்கூடப் பணம் கேட்டதில்லை. எப்படிக் கேட்பாங்க, சேர்த்தாத்தானே? ஆலோசகரோ விழுந்து பணம் வாங்கியிருக்கார். ஆகவே உத்தரவு வந்தது: தென்னை ஏறுதல் முற்றிலும் பாதுகாப்பான தொழில், பிரீமியம் பாதி. ஆலோசனை கூறுதல் உயர் அபாயத் தொழில், எவ்வகை ஆலோசகருக்கும் இனி காப்பீடு இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? டைலர், சமையல் மாஸ்டர், பியூட்டி பார்லர் வச்சிருக்கிற எதிர்வூட்டு தேவி, எல்லாரும் ஒரே வாரத்தில் தென்னை ஏறுறவங்களா மாறிட்டாங்க. பாகூரில் மரத்தைவிட ஏறுறவங்க அதிகமாச்சு. கையில் தகடோட சுப்புராயனும் மறுபடி ஏறுறவர்னே எழுதிக் குடுத்தார்.

ஒரு நாள் சாயங்காலம் உலகநாதன் ஓடி வந்தார். கழுத்தில் டை இல்லை.

"அக்கா, நான் கெட்டேன். என் தொழில் பேரு காப்பீட்டு ஆலோசகராம்! பாலிசியை ரத்து பண்ணிட்டாங்க. வூட்ல அவ நிறைமாசம்."

"நீயும் ஏர்றவன்னு எழுதிக் குடேன்."

"குடுத்துட்டேங்கா. பொய்யான்னு பார்க்க ஜெயசீலன் சார் கிளம்பி வராரு. ஒரே ஒரு மரம், பாதி தூரம் ஏத்தி வுடுங்க போதும்."

அம்சவள்ளி மரம் ஏறக் காலில் மாட்டிக்கிற தளைக் கயிறை எடுத்து வந்து உலகநாதனுக்கு மாட்டினாள். கொல்லையில் இருந்த குட்டை மரத்தில் அவரை வச்சு, முதுகில் கை கொடுத்துத் தள்ளினாள். பயத்தில் மனுசன் பாதியில் நிக்கலை, உச்சிக்கே போய் மட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கினார்.

"அக்கா! எப்படி இறங்கறது?"

தெருவே கூடிடுச்சு. சுப்புராயன் வாயைத் தொறந்தார். அம்சவள்ளி உள்ளங்கையால் பொத்தினாள். மத்தவங்களும் மேலே பார்த்தாங்க, அவங்கவங்க கழுத்தில் தொங்கற கார்டைப் பார்த்தாங்க, வாயை மூடிக்கினாங்க.

"யாராவது சொல்லுங்கப்பா!" என்று மேலேயிருந்து அழுகைக் குரல்.

அம்சவள்ளி போனை எடுத்து ஜெயசீலனைக் கூப்பிட்டாள். "சார், சுருக்கா வாங்க. உலகநாதன் மெய்யாலுமே ஏர்றவருதான். எப்படி இறங்கறதுன்னுதான் கேட்டுக்கினு இருக்காரு. அதைச் சொன்னா ஆலோசனை ஆயிடும், அதுக்கு உங்க உத்தரவுல எங்க யாருக்கும் அனுமதி இல்ல."