அரியணைக்கு இரண்டு விலை

ஊகபுரி என்றொரு நாடு இருந்தது. அதன் மன்னர் நிகரலாபருக்குப் போர் பிடிக்காது, கலை பிடிக்காது, மக்களையும் அவ்வளவாகப் பிடிக்காது. பிடித்ததெல்லாம் வாங்கி விற்பது ஒன்றுதான். ஆகவே அரண்மனையை வியாபார மண்டபமாக்கினார். அமைச்சர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நேர்காணலில் தேறிய தரகர்களை அமர்த்தினார்.

முதல் ஆணையில் மழை விலைக்கு வந்தது. சித்திரையிலேயே பணம் கட்டி ரசீது வாங்கியவர் வயலில் ஐப்பசி மழை சட்டப்படி பெய்யலாம். வாங்காதவர் தம் வயலுக்குக் குடை பிடிக்க வேண்டும். மக்கள் மாட்டை விற்றுக் குடை வாங்கினார்கள். இரண்டாம் ஆணை குடைக்கு வரி விதித்தது. மூன்றாம் ஆணை ஏரிகளை விற்பனைப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் முதல் பெயர் செங்குளம்.

செங்குளத்தின் மடைக்காவலர் ஆவுடையப்பருக்கு அறுபத்திரண்டு வயது. எட்டுத் தலைமுறையாக எவரிடமும் கை நீட்டாத குடும்பம் என்பதை, யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டென்று அவர் கேள்விப்பட்டார். நேர்காணலுக்கு வருபவர் ஏதேனும் ஒரு பொருளுக்கு, தாம் வாங்கும் விலை ஒன்றும் விற்கும் விலை ஒன்றும் சொல்லலாம். மண்டபம் அந்த விலைக்கு அவருக்கு விற்க வேண்டும், அல்லது அவரிடம் வாங்க வேண்டும். இரண்டுக்கும் அஞ்சிப் பின்வாங்கினால், அவர் கேட்பதைக் கொடுத்துவிட வேண்டும். ஆவுடையப்பர் கஞ்சி போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

மண்டப வாசலில் முந்நூறு இளைஞர்கள் வரிசையில் நின்று, முன்னால் நிற்பவரின் தலைமயிரை எண்ணிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவரை யாரோ ஒருவரின் தகப்பனார் என்று எண்ணி உட்காரச் சொன்னார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

தலைமைத் தேர்வாளர் சித்திரசேனர் தொண்டையைச் செருமினார். “இம்மாமண்டபத்தில் உள்ள ஈக்கள் எத்தனை என மதிப்பிடுகிறீர்?”

“சம்பளம் வாங்குறதையும் சேத்தா, ஐயா?”

குறிப்பெழுதுபவர் சிரித்தார், அக்கணமே வேலையை இழந்தார். சித்திரசேனர் சிரிக்காமல், பொருளையும் விலைகளையும் சொல்லுமாறு பணித்தார்.

“அந்த அரியணை. நான் வாங்குறதா இருந்தா ஒரு தேங்கா. நீங்க எங்ககிட்ட வாங்குறதா இருந்தா வீட்டுக்கு ஒரு வேட்டி, ஒரு படி அரிசி.”

விற்றால் அரசு ஒரு தேங்காய்க்குப் போய்விடும். வாங்கினால், அது இத்தனை நாளும் மக்களுடையதாகவே இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகும். அப்படி வாங்கவும் கருவூலத்தில் ரசீதுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. பின்வாங்கத்தான் வேண்டும். ‘செங்குளத்தை விட்டுவிடுங்கள்’ என்ற வாக்கியத்தை ஆவுடையப்பர் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

தரகர்கள் கூடிப் பேசினார்கள். அரியணை பிறருடையது என்று ஒப்புக்கொண்டால் தம் மானம் என்னாவது என்று அதில் அமர்ந்திருந்த மன்னர் கேட்டார்.

“மானம் நம் பட்டியலிலேயே இல்லை, மன்னா,” என்றார் சித்திரசேனர். “மேலும், என்றென்றைக்கும் வாங்க வேண்டியதில்லை. ஐந்தாண்டுக்கு மட்டும் வாங்குவோம்.”

பேரம் முடிந்த மணி அடித்தது. வாங்கியாயிற்று. வேட்டிக்கும் அரிசிக்கும் பணம் வேண்டியிருந்ததால் அன்று மாலையே செங்குளம் விற்கப்பட்டது. வாங்கியவர் மடையை உடைத்து நீரை வெளியேற்றிவிட்டு, மனை அளக்கக் கயிறு கட்டினார்.

பத்தாம் நாள் ஊருக்கு வண்டிகள் வந்தன. காய்ந்த கரைமேல் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஆவுடையப்பர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். அதிகாரி வேட்டியையும் அரிசியையும் வாசற்படியில் வைத்து, ‘கைநீட்டிப் பெற்றுக்கொண்டார்’ என்று ஏட்டில் எழுதிக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுக் கொம்பையா புது வேட்டியோடு வந்து கதவைத் தட்டினார்.

“அண்ணாச்சி, நல்ல வெலதான் பேசிட்டு வந்திருக்கீங்க. அடுத்த தடவ பொம்பளையாளுக்கு ஒரு சேலையும் சேத்துக் கேளுங்க.”