இன்னும் ஒரே ஒரு கரண்டி

ஓய்வெடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பி, போன இடத்தில் ஒருவரையும் ஓய்வெடுக்க விடாத பிறவி ஒன்று உலகத்தில் உண்டு. மாஸ்கோவில் அதைப் பார்க்க வேண்டுமானால் வியாழக்கிழமை மதியம் எங்கள் பேட்டை பான்யாவுக்கு, அதாவது நீராவிக் குளியல் கூடத்துக்கு வாருங்கள். அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் கரண்டிக்காரர்.

பிறந்த மேனியாக உட்கார்ந்திருக்கும் இருபது பேரில் அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? மிகச் சுலபம். மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர் நின்றுகொண்டிருப்பார். சூடு மண்டையில் ஏறாமல் இருக்க எல்லோரும்தான் கம்பளித் தொப்பி போடுகிறோம், அவர் தொப்பியில் மட்டும் ஒரு பித்தளை நட்சத்திரம் தைத்திருக்கும். உள்ளே வந்ததும் அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து, உள்ளே பழுக்கக் காய்ந்திருக்கும் கற்களை உற்றுப் பார்த்து, மூக்கை உறிஞ்சி, உதட்டைப் பிதுக்கி, நீளக் காம்புக் கரண்டியைக் கையில் எடுத்து, புதினா ஊறிய வாளியைக் கலக்கி, "யாருய்யா இங்க கண்டபடி தண்ணி ஊத்தி வச்சது? ஆவியா இது? கஞ்சி!" என்பார். ஊற்றியவர் பக்கத்திலேயே இருப்பார். தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொள்வார்.

அப்புறம் அந்தக் கற்களின் மேல் ஊற்றுவார். ஊற்றிவிட்டு, மேலே கிளம்பிய ஆவி கீழே இறங்கத் துண்டைச் சுழற்றுவார். காது எரிகிறது என்று யாராவது முனகினால், "அது காது எரியறது இல்லப்பா, வியாதி வெளிய போறது" என்பார். போதும் என்று நாலு பேர் கும்பிட்டால், "இன்னும் ஒரே ஒரு கரண்டி!" என்பார். அந்த ஒரே ஒரு கரண்டிக்குப் பிறகும் ஒரே ஒரு கரண்டி உண்டு.

யார் இந்த மகானுபாவர் என்கிறீர்களா? பெயர் லுக்யான் ஃபதேயெவிச், பழகியவர்களுக்கு ஃபதேயிச். வயது ஐம்பத்தேழு. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. மறைப்பானேன், சாட்சாத் அடியேன்தான்.

"வீட்டுல பால் பொங்கினா அடுப்ப அணைக்கத் தெரியாது. அங்க போய் அடுப்புக்கே அதிபதி" என்பாள் என் மனைவி அக்ளாயா. கரண்டியின் அருமை அவளுக்கு என்ன தெரியும்? வேலையில் என்னை அதட்டாதவர் இல்லை. பாதி மாடியில் மாட்டிக்கொண்ட கிழவிகூட லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து திட்டுவாள். பதினோரு வருஷமாக நான் சொல்லி மற்றவர்கள் கேட்கிற ஒரே இடம் அந்த அறை.

அதற்குத்தான் வந்தது ஆபத்து. மே மாதக் கடைசியில் ஒரு ஆசாமி, நாங்கள் வரிசையாக உட்காரும் மரப்படியிலேயே சரிந்து விழப் பார்த்தார். எங்கள் வியாழக்கிழமைக் கோஷ்டி கூடியது. தீர்ப்புச் சொன்னவன் டிராம் ஓட்டும் சவேலி.

"இந்தா பாரு ஃபதேயிச். இனிமே ஒரே ஒரு ஆளு மயங்கி விழுந்தாலும் கரண்டி ஒங்கிட்ட இருக்காது. ஆமா."

"விழுறவன் சூடு தாங்காதவன்யா. அதுக்கு நான் என்ன பண்ண?"

"நீ ஒண்ணும் பண்ணாம இரு. அதத்தான் சொல்றோம்" என்றார் பல் மருத்துவர் எர்மொலாய்.

அடுத்த வாரமே புதிய முகம் ஒன்று வந்தது. ஒல்லியான மனிதர். கையில் சோப்புப் பெட்டி, மடித்த துண்டு. பெயர் நசார் குஸ்மிச் என்றார். தொப்பிகூட இல்லை. விடுவேனா? வாசலிலேயே மடக்கி, இரவல் தொப்பியைத் தலையில் கவிழ்த்து, சட்டதிட்டங்களைச் சொல்லிக் கொடுத்தேன். ஆவி இறங்கும்போது பேசக்கூடாது. கதவைத் திறக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, "ஆவி குடுத்தவர் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி எந்திரிக்கக்கூடாது. அது பெரிய அவமரியாதை" என்றேன். இந்தக் கடைசிச் சட்டம் எந்த பான்யாவிலும் கிடையாது. நானே போட்டது.

மேல்படிக்கு ஏறினோம். ஊற்றினேன். சட்டத்தையெல்லாம் எப்போதோ காற்றில் விட்ட சவேலி முதலில் இறங்கிப் போனான். இரண்டாவது கரண்டிக்கு எர்மொலாய் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். நாலாவதில் அறையே காலி. நானும் நசாரும் மட்டும்.

அவர் அசையவில்லை.

எனக்கும் ஒரு கொள்கை உண்டு. புதிதாக வந்தவன் உட்கார்ந்திருக்கும்போது கரண்டிக்காரன் எழுந்து போனால், அப்புறம் அவனை யார் மதிப்பார்கள்? இந்த மனிதர் மயங்கிவிட்டாலோ கரண்டி போச்சு. ஆகவே அவரை எப்படியாவது எழுப்பி அனுப்பியாக வேண்டும். அதற்கு என்ன வழி? இன்னும் ஒரே ஒரு கரண்டி!

ஊற்றினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். எழவில்லை. அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்று ஊற்றினேன். என் தொப்பியின் பித்தளை நட்சத்திரம் நெற்றியைச் சுட்டது. காதுக்குள் டிராம் ஓடியது. அப்போது பக்கத்திலிருந்து ஈனஸ்வரத்தில் ஒரு குரல்.

"ஐயா... தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எப்ப எந்திரிப்பீங்க?"

"நானா? நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிச்சிருவேன்."

"நீங்கதானே சொன்னீங்க, ஆவி குடுத்தவர் எந்திரிக்காம எந்திரிக்கக்கூடாதுன்னு?"

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நான் சும்மா குளிக்கத்தான்யா வந்தேன். எங்க தெருவுல பத்து நாளைக்கு வெந்நீர நிறுத்திட்டாங்க. தலைக்கு சோப்புப் போட்டுட்டுப் போயிரலாம்னு பாத்தேன்" என்றார் பாவம்.

கோடைக்குக் கோடை குழாயைச் சரிபார்க்கிறோம் என்று வெந்நீரை நிறுத்துவார்களே, அதில் மாட்டிக்கொண்டு வந்த மனிதரையா நான் கால்மணி நேரமாக வேகவைத்திருக்கிறேன்? "நீங்க முதல்ல" என்றேன். "ஐயையோ, நீங்க முதல்ல" என்றார். கடைசியில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கி, அந்தக் குறுகலான கதவில் இருவருமாகச் சேர்ந்து சிக்கி, ஒருவழியாக வெளியே வந்து விழுந்தோம்.

திருத்திச் சொல்கிறேன். விழுந்தது நான் மட்டும்.

கண் விழித்தபோது எர்மொலாய் என் முகத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். நசார் என் காலைப் பிடித்து உயர்த்தியிருந்தார். சவேலி கருவாட்டைக் கிழித்து வாயில் போட்டபடி சொன்னான்:

"ஒரு ஆளு மயங்கினா கரண்டி போயிரும்னு சொன்னமா இல்லியா? அந்த ஆளு நீயா இருக்கக்கூடாதுன்னு சொல்லலையே."

வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் துண்டு கொடுக்கும் அம்மாள் வழக்கப்படி வாழ்த்தினாள்: "ஆவி லேசா அமைஞ்சுதா, ஃபதேயிச்?" பான்யாவிலிருந்து வருகிற யாரையும் எங்கள் ஊரில் இப்படித்தான் வாழ்த்துவது. லேசான ஆவி! பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்கிறேன். அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மறு வியாழன் கரண்டி நசார் கைக்குப் போனது. அவர் தெருவில் வெந்நீர் இன்னும் வரவில்லை. பயத்தில் அரைக் கரண்டி ஊற்றினார், ஊற்றிவிட்டு எல்லோரிடமும் "போதுமாங்க?" என்று வேறு கேட்டார். பதினோரு வருஷத்தில் நான் யாரையும் கேட்காத கேள்வி. நான் கீழ்ப்படியில் படுத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு சுகமாக இருந்தது. அழுகைகூட வந்தது, வியர்வையோடு கலந்துவிட்டதால் மானம் தப்பியது. ஆனால் நாக்கு சும்மா இருக்குமா? "கொஞ்சம் பின்பக்கத்துக் கல்லுல ஊத்தினா..." என்று ஆரம்பித்தேன். "ஃபதேயிச்!" என்று கூடமே கத்தியது.

என்ன, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால், ஜென்மத்தில் ஒரு நீராவி அறையையும் கண்டிராத நீங்கள், இதைப் படிக்கும்போது நடுவில் எங்கேயாவது, 'அதெப்படி, ஒரேயடியாகவா ஊற்றுவது? கொஞ்சம் கொஞ்சமாக விசிறியல்லவா தெளிக்க வேண்டும்?' என்று முணுமுணுத்திருந்தால், தயவுசெய்து கிளம்பி வாருங்கள். கீழ்ப்படியில் எனக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. சற்றுத் தள்ளிப் படுத்துக்கொள்கிறேன்.